ஏழாம் அட்டையும் பதினோராம் அட்டையும்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் பள்ளியில் நானே வாத்தியாராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உலகப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நான் திரும்புவதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து உன் குரல் வந்தது. "சார், அந்த மூலையில ஒரு ரோஸ் நாடு இருக்கு, இந்த மூலையிலயும் ஒரு ரோஸ் நாடு இருக்கு. ரெண்டும் சொந்தக்காரங்களா?" வகுப்பே சிரித்தது. அச்சடித்தவரிடம் ஐந்து மைதான் இருந்தது, உட்கார் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். நீ உட்கார்ந்தாய். பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இன்று நீ ஒரு பேருந்து நிறுவனத்தில் நூற்று நாற்பது தடங்களுக்கு நூற்று நாற்பது நிறம் கண்டுபிடிக்கிற வேலை செய்வதாக உறவினர் மூலம் கேள்விப்பட்டேன். அந்தப் பதில் உனக்குக் கடைசிவரை போதவில்லை போலிருக்கிறது.

உன் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. எழுத்தைக் காட்டினாலும் படத்தைக் காட்டினாலும் வெறும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். கிண்ணத்தின் படமும் குடையின் படமும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் போன வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு சிவப்பு அட்டையையும் ஒரு நீல அட்டையையும் அவள் முன்னால் வைத்தார். சிவப்பு என்றால் தண்ணீர், நீலம் என்றால் வலி என்று பழக்கினார். நான் அந்தம்மாவின் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்துக்கு எட்டு முறை இடது கை சரியான அட்டைக்குப் போனது.

எனக்கு ஆச்சரியமில்லை. முப்பது வருடம் தையல் கடை நடத்தியவள். கறுப்பில் எட்டுக் கறுப்பு இருக்கிறது என்பாள். வடிவம் போனாலும் நிறம் போகாது என்று அப்போதே நினைத்தேன்.

ஆக, ஒரு நிறம் ஒரு சொல். பன்னிரண்டு நிறம் இருந்தால் பன்னிரண்டு சொல். கடையில் வண்ணத் தாள் வாங்கிப் பார்த்தேன். பத்தில் மூன்று நீலம், எனக்கே குழம்புகிறது. மே மாதம் மருத்துவமனையில் ஒரு பரிசோதனை வைக்கிறார்கள். பத்து சொற்களில் எட்டைச் சரியாகத் தொட்டால் பயிற்சியைத் தொடரலாம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். என் வயதில் நான் தனியாக அவளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், அது அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தால்தான்.

ஒன்றோடொன்று குழம்பாத பன்னிரண்டு நிறம். உன்னால் முடியுமா?

போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நாம் சண்டை போடுவோம். கடிதத்தில் சண்டை போடக் கொஞ்சம் நேரமாகும்.

அண்ணா


ஜனவரி 20

அண்ணா,

நீங்கள் எனக்குக் கடிதம் எழுதி ஆறு வருடம் ஆகிறது. அதிலும் ஒரு வீட்டுப்பாடம் வைத்திருக்கிறீர்கள்.

அட்டைகள் உள்ளே இருக்கின்றன. நிறங்களை ஒரு வட்டமாக வரிசைப்படுத்துவார்கள். சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், ஊதா வழியாகத் திரும்பச் சிவப்புக்கே வரும். முந்நூற்று அறுபது பாகையைப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பது. முப்பது பாகைக்கு ஒரு நிறம் எடுக்கச் சொல்லி ஒரு புரோகிராம் எழுதினேன். நாலு வரி. கெட்டி அட்டையில் அச்சடித்து, பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என் பாவாடைகள் எல்லாம் அவர் தைத்தவை. கேட்காமலே பை வைத்துத் தைப்பார்.

தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

அட்டை வந்தது. மதிப்பெண் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பன்னிரண்டுக்கு ஐந்து.

தப்பு அவளுடையது இல்லை. உன் நாலாம் அட்டை, ஐந்தாம் அட்டை, ஆறாம் அட்டை மூன்றும் பச்சை. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஓய்வுபெற்ற லாரி டிரைவரிடம் காட்டினேன். "இதுல ஒன்னுக்கு மேல எங்க சார் இருக்கு?" என்றார். ஆனால் மஞ்சள் பக்கம் ஒரே ஒரு அட்டை ஒற்றைப் பிள்ளையாக நிற்கிறது. வட்டத்தில் சமமாகப் பங்கு போட்டால் கண்ணுக்கும் சமமாக இருக்கும் என்று நினைத்துவிட்டாய். வருகைப் பதிவேட்டில் ஐந்து பேருக்கு ஒருவரைக் கூப்பிட்டால் உயரத்தில் படிப்படியாக நிற்பார்களா? எண் வேறு, ஆள் வேறு.

சொற்களை நான் முடிவு செய்துவிட்டேன். தண்ணீர், வலி, ஜன்னல், விளக்கு, போர்வை, தலையணை, கழிப்பறை, போதும், வேண்டாம், வீடு, யார் வந்தது, கிட்ட வா. கடைசிச் சொல்லை எழுதும்போது நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

உன் அன்பைச் சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. சீக்கிரம் நல்ல அட்டை அனுப்பு, அவளே பதில் சொல்வாள்.

அண்ணா


பிப்ரவரி 12

அண்ணா,

பச்சை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. முதல் முயற்சியில் எல்லோரும் செய்கிற தப்பு அது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை வேறு வழி. ஒவ்வொரு நிறத்தையும் மூன்று எண்களாக எழுதும் ஒரு முறை இருக்கிறது. அதில் இரண்டு நிறத்துக்கு நடுவில் இருக்கிற தூரம் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமாகவே வரும். தூரம் இரண்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். நாற்பது என்றால் தூங்கி எழுந்தவர்கூடச் சொல்லிவிடுவார். புரோகிராம் முதலில் ஒரு நிறத்தை எடுக்கிறது. பிறகு குருட்டாம்போக்கில் ஐயாயிரம் நிறங்களை எடுத்து, ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து எது மிகவும் விலகியிருக்கிறதோ அதை மட்டும் சேர்க்கிறது. பன்னிரண்டு ஆகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. காலியான பேருந்தில் ஏறுகிறவர்கள் உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமிருந்தும் எட்ட இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருவார். அதேதான். ஆள் ஏற ஏற இடைவெளி குறையும். உதாரணம் சொல்லும் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

பன்னிரண்டுக்கு இடைவெளி நாற்பத்திரண்டு வந்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அட்டையை அடுக்கி வைத்துக் கேள்வி கேட்கிற வேலையை நர்ஸிடம் கொடுங்கள். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாமல் கலைத்து வைக்கட்டும். விடை தெரிந்தவர் எதிரே உட்காரக் கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கை


மார்ச் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

பன்னிரண்டுக்கு ஒன்பது. மறுவாரம் பதினொன்று.

நர்ஸுக்கு இருபது கட்டில். அவரை எப்படி உட்கார வைப்பது? நானே கேட்கிறேன். தினமும் காலை பத்து மணிக்கு, அவள் முகம் தெளிவாக இருக்கும் நேரத்தில், மடியில் பலகை வைத்து அட்டைகளைப் பரப்பி எதிரே உட்காருகிறேன். இப்போது நான் கேட்காமலே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை அறை ஒரே புழுக்கம். நான் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது கை மெதுவாக எழுந்து, அட்டைகளுக்கு மேல் ஊர்ந்து, ஜன்னல் அட்டையில் நின்றது. எழுந்துபோய்த் திறந்தேன். காற்று வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு என் மனைவி என்னை ஒரு வேலை ஏவினாள். கல்யாணமான புதிதில் ஏவியபோது கோபம் வந்திருக்கிறது. இப்போது லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை நான் கிளம்பப் பையை எடுத்தேன். கிட்ட வா என்ற அட்டையைத் தொட்டாள். அதற்கு மேல் எழுதவில்லை.

பன்னிரண்டு போதாது. பதினாறு வேண்டும். குளிர், பசி, நேற்று, நாளை. நாளை என்று ஒரு சொல் இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசுவது?

அண்ணா


மார்ச் 15

அண்ணா,

பதினாறு அட்டைகள் உள்ளே. இடைவெளி முப்பத்தைந்தாகக் குறைந்துவிட்டது, பேருந்தில் நாலு பேர் கூடுதலாக ஏறியிருக்கிறார்கள். பழைய அட்டைகளைக் கலக்க வேண்டாம். சொற்களையும் இந்த எண்களுக்குப் புதிதாகப் பழக்குங்கள்.

எனக்கு ஒரு உதவி. ஏழாம் அட்டையையும் பதினோராம் அட்டையையும் மட்டும் தனியாக வைத்து ஐந்து முறை கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு நிறத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முடிவை எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 30

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஐந்துக்கு ஐந்து.

நீ ஏன் சந்தேகப்பட்டாய் என்று புரிகிறது. இரண்டும் எனக்கே ஒன்றுபோலத் தெரிந்தன. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் கண்ணுக்கு எட்டவில்லை. பின்பக்க எண்ணைப் பார்த்துத்தான் இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் பதினொன்று என்று வைத்தேன், பிறகு இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஏழுக்கு வீடு என்று பழக்கியிருந்தேன், பதினொன்றுக்கு வலி. வீடு எது என்றேன், தொட்டாள். வலி எது என்றேன், தொட்டாள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதுதான் நூல் பார்த்த கண். நானும் நீயும் புத்தகம் பார்த்தவர்கள், நமக்கு வராது.

வீட்டில் கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்திவிட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் குழாய் போட ஆள் வந்து அளவெடுத்துப் போனார். தையல் மெஷினை வெளியே எடுத்துவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். வேண்டாம் என்ற அட்டையைத் தொட்டாள். எனக்கும் மனசு வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி அம்மா விடுப்பில் போயிருக்கிறார். மே இருபதாம் தேதி வந்து நேராகப் பரிசோதனை. வரட்டும்.

அண்ணா


ஏப்ரல் 8

அண்ணா,

ஏழாம் அட்டையும் பதினோராம் அட்டையும் ஒரே நிறம். ஒரே மூன்று எண்கள், ஒரே மை, ஒரே நாளில் அடித்தவை. தூரம் பூஜ்யம். பின்பக்கத்து எண்ணைத் தவிர ஒரு வித்தியாசமும் கிடையாது. எந்தத் தையல்காரராலும் பிரிக்க முடியாது.

பன்னிரண்டு நிறத்துக்கு ஒரே வாரத்தில் ஒன்பது பதினொன்றாக உயர்ந்தபோதே சந்தேகம் வந்தது. அட்டைகளை நீங்களே அடுக்கி நீங்களே எதிரே உட்காருவதாக எழுதியதும் இன்னும் உறுதியானது. நேராகக் கேட்டிருந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டீர்கள். அதனால் இப்படிச் செய்தேன்.

அண்ணி நிறத்தைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்காணிப்பாளர் நீங்கள். பக்கத்தில் இருந்தவள் தேர்வுத்தாளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, கையை அசைக்கவில்லை. அவள் தாளில் கொடுத்திருந்த நாலு விடைகளில் சரியானது இருந்த இடத்துக்கு என் கண் போனது, அவள் அதைப் பார்த்து எழுதினாள். நீங்கள் வந்து நின்று, "உன் கண்ணு எங்க போகுது?" என்று கேட்டீர்கள். தானாகப் போய்விட்டது என்றேன். "கண்ணு தானா போகாது" என்று சொல்லி வெளியே அனுப்பினீர்கள். எனக்கு ஒரு வருடம் போனது.

இப்போது நான் கேட்கிறேன். வீடு எது என்று கேட்கும்போது, அண்ணா, உங்கள் கண் எங்கே போகிறது?

தங்கை


ஏப்ரல் 14

சுண்டெலி என்று எழுதக் கை வரவில்லை.

ஊமையாகிவிட்ட ஒரு பொம்பளைக்குப் பொறி வைத்திருக்கிறாய். முப்பத்தைந்து வருடம் காத்திருந்து பழி தீர்க்க உனக்குக் கிடைத்த இடம் அவளுடைய மடியா? என்னைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் எனக்குத் தேர்வு வைத்திருக்கலாம்.

அட்டைகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி அனுப்பாதே.


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கைக்கு,

முந்தைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே திரும்ப எடுக்க முடியுமா என்று தபால்காரரைக் கேட்டேன். பெட்டிக்குள் போனது போனதுதான் சார் என்றார்.

சனிக்கிழமை நர்ஸ் அரை மணி நேரம் ஒதுக்கினார். உன் பன்னிரண்டு அட்டைகளை, நாற்பத்திரண்டு இடைவெளி உள்ள நல்ல அட்டைகளை, அவர் கலைத்துப் பரப்பினார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். நர்ஸ் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பன்னிரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் கை விழுந்த இடம்.

பாதியில் அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தேட ஆரம்பித்தாள் என்று நர்ஸ் சொன்னார். நான் வெளியே வந்து எதிரே உட்கார்ந்தேன். அட்டைகள் எங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அவள் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் எது என்று கேட்டேன். கை எழுந்தது. எழுந்து அட்டைகளுக்கு மேல் நின்றது. அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எந்த அட்டைக்குப் போகும் என்று. நான் அதை அசையவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கிக்கொண்டாள். பாடம் நடத்தின இத்தனை வருடத்தில், விடை தெரியாத பிள்ளை என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ முறை நின்றிருக்கும். நான் கவனித்ததில்லை.

பிறகு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். அன்று புழுக்கமாக இருந்தது எனக்கு. ஜன்னலைத் திற என்று கேட்டது நான். நான் கேட்டு நானே எழுந்துபோய்த் திறந்தேன். தையல் மெஷினை எடுக்க வேண்டாம் என்றது நான். வீடு என்று சொன்னது நான். கிளம்பும்போது கிட்ட வா என்றதும் நான்தான். மூன்று மாதம் நான் ஒரே ஆளாகத் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அக்டோபரில் தெரியாததுபோலவே இன்றும் தெரியாது. வலித்ததா என்றுகூடத் தெரியாது.

லாரி டிரைவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பரவால்ல சார், என் பொண்டாட்டிக்கு நல்லாப் பேச வரும், அவளும் என்ன கேக்கறான்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார். சிரித்தேன். அவருக்காகச் சிரித்தேன்.

நீ பொறி வைத்தது சரி. வேறு வழியில் எனக்குப் புரிந்திருக்காது.

அண்ணா


மே 4

அண்ணா,

பொறி வைத்தது சரிதான். அனுப்பிய அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததே, அது சரியில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பரிசோதனைக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பன்னிரண்டை விட்டுவிடுவோம். புரோகிராமை எட்டு, ஆறு, நாலு என்று குறைத்துக்கொண்டே போனேன். ஆள் இறங்க இறங்க இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. இரண்டில் நிறுத்தினேன். தாளில் அச்சடிக்க முடிந்த நிறங்களிலேயே ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கிற இரண்டு, அடர் நீலமும் மஞ்சளும். இதற்கு மேல் விலக்கி வைக்க இடமில்லை. ஆமாம் ஒன்று, இல்லை ஒன்று. ஆமாமும் இல்லையும் கிடைத்துவிட்டால் மீதியை நாம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் பேசிப் பாருங்கள், பத்து சொல்லுக்குப் பதில் இதை வைத்துப் பரிசோதிப்பாரா என்று. நர்ஸ் பழக்கட்டும். நீங்கள் அறையில் இருக்க வேண்டாம்.

பழக்கதோஷத்தில் எண்ணிக்கை ஒன்று என்றும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு நிறம் கேட்டால், அருகில் இருப்பது எவ்வளவு தூரம் என்ற இடத்தில் முடிவிலி என்று வருகிறது. ஒப்பிட இன்னொன்று இல்லாததால். அதைப் பார்த்ததும் கணினியை அணைத்துவிட்டேன்.

இருபதாம் தேதி நான் வரட்டுமா?

தங்கை


மே 11

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீலமும் மஞ்சளும் வந்தன. பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் போனில் சொன்னேன், சம்மதித்தார். நர்ஸ் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பழக்குகிறார். நான் அந்த நேரத்தில் வாசலில் டீக்கடையில் நிற்கிறேன். எப்படிப் போகிறது என்று கேட்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருக்கிறேன்.

வராதே. தோற்பதற்குச் சாட்சி வேண்டாம். பிறகு வா.

அண்ணா


மே 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

பத்துக்கு ஐந்து.

அறைக்கு வெளியே, கதவில் இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேச்சுப் பயிற்சி அம்மா நல்லவர், முகத்தை வெள்ளைத் தாள்போல வைத்துக்கொண்டார். இது உங்கள் கையா என்று கேட்டார். இது மேசையா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் கை எழுந்து, அவர் முகத்தில் எதுவும் இல்லாததைப் பார்த்து, ஏதோ ஒன்றில் விழுந்தது. முடிந்ததும் வெளியே வந்து என்னிடம், "காசு சுண்டினாலும் அஞ்சு வரும் சார்" என்றார், மெதுவாக. ஜனவரியில் எட்டு வந்ததே என்று கேட்டேன். அன்று நீங்கள் எனக்குப் பின்னால் நின்றீர்கள் என்றார்.

அவள் என் முகத்தைப் படிக்கிறாளே, அது ஒரு பேச்சு இல்லையா என்றும் கேட்டேன். பிறந்த குழந்தையும் முகத்தைப் பார்க்கும் சார், அதை வைத்து என்னால் எழுத முடியாது என்றார். அவர் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்துவரை பார்க்கலாம். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில். அவளுடையது கடைசிக்கு முந்தியது. ஜன்னல் இருக்கிறது, ஆனால் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில். குளியலறைக் குழாய் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கட்டில் இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. தனியாக நகர்த்த முடியவில்லை. நகர்த்தியபோது எப்படி நகர்த்தினேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் கடைசியாக ஒரு வேலை. பன்னிரண்டு அட்டை அச்சடித்துத் தா. பன்னிரண்டும் ஒரே நிறம். எந்த நிறம் என்பதை நீயே முடிவு செய். பின்பக்கம் எண் வேண்டாம். இதற்குப் புரோகிராம் தேவையில்லை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் நீ அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் அவள் முன்னால் அதைப் பரப்பி வைக்கப்போகிறேன். அதில் தப்பு என்று ஒன்று இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அதில் தெரியவும் தெரியாது. கை எழும், அவ்வளவுதான்.

அன்று தேர்வறையில் உன்னிடம் ஒரு வாக்கியம் சொன்னேன், கண்ணு தானா போகாது என்று. எனக்குத் தெரிந்த உதாரணங்களில் எதுவும் அதற்கு ஆதரவாக வரவில்லை. உன் ஒரு வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. நான் அன்று உன் பக்கம் திரும்பாமல் நடந்து போனேன்.

நீ வருவதாகச் சொன்னாயே, வா. வந்தால் அவள் எதிரே நீயே உட்கார். அட்டைகளை நீயே பரப்பு. பன்னிரண்டில் ஒன்றை மட்டும் மனதில் நினைத்துக்கொள், யாரிடமும் சொல்லாதே. அவள் கையை உயர்த்திக்கொண்டு உன்னைப் பார்ப்பாள். அந்த ஒரு அட்டையைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்து பார்.

அண்ணா